ஓடையின் மீனும் லயத்தின் தொழிலாளியும்

அண்மையில் நெடுமங்காட்டிற்கு அருகே நடைபெற்ற அரசியல் வகுப்பு ஒன்றில், காடழிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தோழர் எழுந்தார். நாற்பது ஆண்டுகள் தொழிற்சங்கப் பணியில் நரைத்தவர். “கூலி உயர்வுக்குப் போராடுவோம், பட்டாவுக்குப் போராடுவோம். விரல் நீளம்கூட இல்லாத ஓடை மீனுக்காகப் போராடுவதா நம் கட்சியின் வேலை?” என்று கேட்டார். கூடியிருந்தோர் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது அவர் ஒருவரின் கேள்வியன்று. நம் அணிகளில் பலரது மனத்தில் உறைந்து கிடக்கும் கேள்வி. எனவே அதற்குச் சிரிப்பால் அல்ல, வாதத்தால் விடை கூறுவது கடமை.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒரு செய்தியிலிருந்து தொடங்குகிறேன். மார்க்சும் எங்கெல்சும் 1845-46இல் எழுதி, 1932இல்தான் முழுமையாக வெளிவந்த ‘ஜெர்மன் சித்தாந்தம்’ என்ற நூலில் மீனைப் பற்றிய ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு பொருளின் இருப்பே அதன் சாரம் என்று ஃபாயர்பாக் கூறினார். அதற்கு மறுப்பாக, நன்னீர் மீனின் சாரம் ஆற்று நீர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஆறு தொழிற்சாலையின் ஊழியனாக்கப்பட்டு, சாயக்கழிவு கலந்து, நீராவிக் கப்பல் ஓடி, கால்வாய்களில் திருப்பிவிடப்பட்ட பின்னர் அந்த நீர் மீனின் சாரமாக இருக்க முடியுமா என்று அவர்கள் கேட்கின்றனர். தொழிலாளியின் அவல வாழ்வை ‘அவனது இயல்பு’ என்று கூறி அமைதி காணச் சொல்லும் தத்துவத்தை உடைப்பதற்கே இந்த எடுத்துக்காட்டு. இருப்புக்குரிய சூழலிலிருந்து பிய்த்தெறியப்பட்ட உயிர், அது மீனாயினும் மனிதனாயினும், அந்த நிலையை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். ஆக, மீனையும் தொழிலாளியையும் ஒரே வாக்கியத்தில் முதலில் வைத்தவர்கள் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அல்லர், நம் ஆசான்களே.

மரமின்றி ஓடை இல்லை

திருவனந்தபுரம் நகரின் குடிநீர் எங்கிருந்து வருகிறது? அகத்தியமலைத் தொடரின் காடுகளிலிருந்து. கரமனை ஆறு, வாமனபுரம் ஆறு, நெய்யாறு ஆகிய மூன்றும் அந்த மலைத்தொடரிலேயே பிறக்கின்றன. 1930களில் கரமனை ஆற்றின் குறுக்கே அருவிக்கரையிலும், 1983இல் அதற்கு மேலே பேப்பாறையிலும் அணை கட்டப்பட்டது. தலைமைச் செயலகத்தில் கோப்பு நகர்த்துபவரும், சாலையில் சுமை ஏற்றுபவரும், கட்சி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பவனும் அருந்துவது அந்த மலை ஓடைகளின் நீரைத்தான். இதே மலையின் கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறந்து நெல்லைச் சீமையை வாழவைக்கிறது. ஒரே மலை, இரண்டு மொழிகள், இரண்டு மாநிலங்கள். நீருக்கு மட்டும் இந்த எல்லை கிடையாது.

மலை ஓடை என்பது பள்ளத்தில் ஓடும் வெறும் தண்ணீரன்று. அதன் கரையில் நிற்கும் மரமும் அந்த ஓடையின் உறுப்பு. கவிந்த கிளைகளின் நிழலில் ஓடும் நீரில் வெயில் நேரே விழுவதில்லை. ஆகவே பாசி அதிகம் வளர்வதில்லை. அவ்வாறாயின் மீன் எதைத் தின்கிறது? உதிரும் இலையைத் தின்னும் பூச்சிகளையும், அப்பூச்சிகளின் இளரிகளையும், கிளையிலிருந்து தவறி விழும் எறும்பையும் வண்டையும், சில பெரிய மீன்கள் கனிந்து விழும் பழங்களையும் தின்கின்றன. காட்டு ஓடையின் உணவு பெரும்பாலும் கரையிலிருந்தே வருகிறது. சாய்ந்து விழுந்த அடிமரம் நீரைத் தேக்கிக் கயம் ஒன்றை உண்டாக்குகிறது. கோடையில் ஓடை மெலியும்போது மீன்கள் உயிர் தரிப்பது அந்தக் கயத்தில்தான். வேர்கள் கரையைப் பிடித்து நிறுத்துகின்றன. காட்டு மண் மழையை உறிஞ்சி வைத்து, மாசி பங்குனியிலும் சிறிது சிறிதாக ஓடைக்கு வழங்குகிறது.

இந்த மரங்களை வெட்டினால் நடப்பது என்ன? முதலில் வெயில் விழுந்து நீர் சூடாகிறது. பிரேசிலில் அமேசானின் தென்கிழக்கு விளிம்பில் நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, காடழித்து மேய்ச்சலுக்கும் சோயாவுக்கும் மாற்றிய நிலங்களின் ஓடைகளில் பகலின் உச்ச வெப்பம் காட்டு ஓடைகளைவிடச் சராசரியாக 3 முதல் 4 பாகை செல்சியஸ் கூடுதலாக இருந்ததைக் கண்டது. சூடேறிய நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும்; பாய்ந்தோடும் குளிர்ந்த நீருக்குப் பழகிய மீன் மூச்சுத் திணறும். அடுத்து, வேரிழந்த சரிவிலிருந்து மண் இறங்குகிறது. கூழாங்கற்களின் இடுக்குகளில் இடப்படும் முட்டைகளை அந்தச் சேறு மூடி அழிக்கிறது. பாறைமேல் படிந்திருக்கும் மெல்லிய பாசியைச் சுரண்டி வாழும் மீன்களுக்கு உணவு மறைகிறது. மூன்றாவதாக, மழைநாளில் வெள்ளமும் கோடையில் வறட்சியுமாக ஓடையின் ஒழுங்கே குலைகிறது. நான்காவதாக, காட்டின் இடத்தில் வந்த தோட்டத்தின் பூச்சிமருந்தும் உரமும் நீரில் கலக்கின்றன. ஐந்தாவதாக, இவ்வாறு நலிந்த ஆற்றில் ஆப்பிரிக்கக் கெளுத்தி, திலேப்பியா போன்ற அயல் மீன்கள் எளிதில் குடியேறி எஞ்சியவற்றையும் விழுங்குகின்றன. 2018 பெருவெள்ளத்திற்குப் பின்னர் வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பிய தென் அமெரிக்க அரபைமா மீன் கேரள ஆறுகளில் பிடிபட்டதைப் பலரும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

இங்கே வாழும் மீன்கள் இந்த ஓடைக்காகவே உருவானவை. பாறையை மோதிப் பாயும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படாமல் இருக்க, ஒரு மீனுக்கு மோவாயில் ஒட்டுறுப்பு உண்டு. மலையாளத்தில் அதைக் கல்லேமுட்டி என்பார்கள். மற்றொன்றின் உடல் தட்டையாகி, துடுப்புகள் விசிறிபோல் விரிந்து பாறையைக் கவ்வுகின்றன. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் அறிஞர் சுந்தர் லால் ஹோரா, வேகநீரில் வாழும் உயிர்களின் இத்தகைய உடலமைப்பை விரிவாக ஆராய்ந்து 1930இல் வெளியிட்டார். திருவிதாங்கூரின் பெயராலேயே அவர் 1941இல் டிராவன்கோரியா என்ற பேரினத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். தாமிரபரணியின் பெயர் தாங்கிய ‘டாவ்கின்சியா தாம்ரபர்ணியை’, களக்காட்டின் பெயர் தாங்கிய ‘காரா களக்காடென்சிஸ்’ ஆகியன நெல்லைச் சரிவின் மீன்கள். நம் ஊர்ப்பெயர்களைச் சுமந்துகொண்டு அழியக் காத்திருப்பவற்றின் பட்டியல் இது.

அந்த அழிவின் அளவு என்ன? இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீர் உயிர்களை மதிப்பிட்டது. ஆராயப்பட்ட 290 மீனினங்களில் 37 விழுக்காடு அழிவின் அச்சுறுத்தலில் உள்ளன என்பது அதன் முடிவு. மெல்லுடலிகள், தும்பிகள், நீர்த்தாவரங்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்த 1,146 இனங்களில் அச்சுறுத்தலுக்கு உள்ளானவை 16 விழுக்காடு. அதாவது, நன்னீர் உயிர்களுக்குள்ளேயே மிகக் கடுமையாக அடிபட்டிருப்பது மீன்தான். அவற்றில் மிகப்பலவும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஓர் ஓடையில் அழிந்தால் இன்னோர் ஓடையிலிருந்து கொண்டுவந்து விட இயலாத இனங்களும் உண்டு.

வெட்டியது யார்?

“மக்கள்தொகை பெருகியது, காடு சுருங்கியது” என்பது ஆளும் வர்க்கத்திற்கு மிகவும் பிடித்த விளக்கம். குற்றவாளியைக் கூட்டத்துக்குள் மறைத்துவிடும் விளக்கம் அது. வரலாறு வேறு கூறுகிறது.

செங்கோடு போட்ட அழகிய மீன் ஒன்று உண்டு. இன்று பணக்கார நாடுகளின் கண்ணாடித் தொட்டிகளில் ‘மிஸ் கேரளா’ என்ற பெயரில் நீந்துகிறது. முண்டக்கயம் பகுதியின் திருவிதாங்கூர் மலைகளிலிருந்து கிடைத்த அதனை 1865இல் விவரித்த பிரான்சிஸ் டே, அன்றைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். மலையில் வாழ்ந்த மக்கள் அதற்கு வைத்திருந்த செங்கணியான் என்ற பெயர் அறிவியல் ஏட்டில் ஏறவில்லை. பெயரைப் பறித்த அதே காலத்தில்தான் மலையையும் பறித்தார்கள். காப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் திருவிதாங்கூரின் மலைகள் வெள்ளைத் தோட்டக்காரர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. 1877இல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். சோலைக்காடுகள் வீழ்ந்தன, மலைச்சரிவு முழுதும் ஒரே பயிர் போர்த்தப்பட்டது.

அந்தக் காட்டை வெட்டிய கோடரி யார் கையில் இருந்தது? நெல்லை, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஏற்றிவந்த தமிழ்த் தொழிலாளரின் கையில். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள். கோடரி அவர்கள் கையில் இருந்தது. காடு அவர்கள் கைக்கு வரவில்லை. லாபம் இலண்டனுக்கும், பின்னர் இந்திய முதலாளிக்கும் போயிற்று. அட்டைக்கடியும் மலைக்காய்ச்சலும் லயத்து அறையும் மட்டுமே தொழிலாளிக்கு எஞ்சின. எங்கெல்ஸ் 1876இல் எழுதிய கட்டுரையில், கியூபாவின் மலைச்சரிவுகளில் ஸ்பானியத் தோட்டக்காரர்கள் காடுகளை எரித்து, அந்தச் சாம்பலில் ஒரு தலைமுறைக் காப்பிச் செடிக்கு உரம் கண்ட பின்னர், மழை மண்ணை அடித்துச் சென்று வெறும் பாறை மிஞ்சியதைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை என்று கேட்கிறார். கியூபா என்ற இடத்தில் மூணாறு என்று எழுதினால் எந்தச் சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை.

திருவனந்தபுரம் மாவட்டத் தோழர்களுக்குப் போணக்காட்டைப் பற்றி நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. கரமனை ஆற்றின் தலைப்பகுதியில் பிரிட்டிஷ் காலத்தில் உருவான தேயிலைத் தோட்டம். இன்று தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் ஊதிய பாக்கிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, இடிந்துகொண்டிருக்கும் லயங்களில் காலம் தள்ளுகின்றனர். காட்டை அழித்து எடுக்க வேண்டியதை எடுத்தான பிறகு மூலதனம் மலையிறங்கிவிட்டது. சிதைந்த சரிவையும் சிதைந்த வாழ்வையும் அது உடன் எடுத்துச் செல்லவில்லை.

ஒரே சரிவு, ஒரே சாவு

ஓடையைத் தனியே, தொழிலாளியைத் தனியே பார்க்கும் தோழர்கள் 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவை நினைவுகூர வேண்டும். மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் பெருமழையில் மலை சரிந்து, ஓடையின் வழியே இறங்கி, லயங்களின்மேல் விழுந்தது. எழுபது பேர் மாண்டனர். அனைவரும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நேர்ந்த நிலச்சரிவில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கும் தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகள் இருந்தன. பெருமழைக்குக் காரணம் புவி வெப்பமாதல் என்பது உண்மை. ஆனால் ஆழ வேரோடிய காட்டைப் பெயர்த்து, ஆழமற்ற வேருடைய ஒரே பயிரை நிறுத்தி, ஓடைக்கு அருகே மலிவாகக் கிடைத்த இடத்தில் தொழிலாளியைக் குடியமர்த்தியது மழையன்று. ஓடைக்குக் கரை தேவை, கரைக்குக் காடு தேவை என்ற விதியை மீறிய அதே முதலாளித்துவக் கணக்குதான் மீனையும் கொன்றது, பெட்டிமுடியின் குழந்தையையும் கொன்றது.

ஓடை மீன், சூழல் சிதைவதை முன்கூட்டியே அறிவிக்கிறது. சேறு கலந்து, நீர் சூடாகி, கயங்கள் தூர்ந்து, உணர்வு நுண்மை மிக்க மீன்கள் ஒவ்வொன்றாக மறையும்போது, மேலே உள்ள சரிவு தன் பிடிமானத்தை இழந்து வருகிறது என்று பொருள். கீழே உள்ள அணையில் வண்டல் ஏறுகிறது என்றும் பொருள். அருவிக்கரையில் படிந்த வண்டலைத் தூர்வாருவது குறித்துப் பல்லாண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அந்த வண்டல் வானத்திலிருந்து விழவில்லை.

சொல்லைத் திருடும் சட்டம்

இனி இன்றைய எதிரியைப் பார்ப்போம். காடு என்றால் எது? 1996 டிசம்பர் 12இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடே, ஆவணத்தில் என்ன பெயர் இருப்பினும் சட்டத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு என்றது. ஒன்றிய பாஜக அரசு 2023இல் நிறைவேற்றிய வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் அந்தப் பாதுகாப்பை அறிவிக்கை செய்யப்பட்ட காடுகளுக்கும் அரசு ஆவணங்களில் பதிவான காடுகளுக்கும் மட்டுமாகச் சுருக்கியது. பன்னாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் ‘தேசிய முக்கியத்துவம்’ வாய்ந்த சாலை, இருப்புப்பாதைத் திட்டங்களுக்கு விலக்கு. உயிரியல் பூங்காவுக்கும் சஃபாரிக்கும் சூழல் சுற்றுலாவுக்கும் வழி. எதிர்ப்பு வழக்கில், 2024 பிப்ரவரி 19இல் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டுப் பொருளையே இப்போதைக்குப் பின்பற்றுமாறு இடைக்கால ஆணையிட்டது. அதற்கு முன்னரே, 2022ஆம் ஆண்டின் விதிகள் வாயிலாக, காட்டை மாற்றுப் பயன்பாட்டுக்குக் கொடுக்கும் ஒன்றிய அரசின் ஒப்புதலுக்கு முன்பு கிராம சபையின் இசைவைப் பெற வேண்டும் என்ற கட்டாயத்தையும் மோடி அரசு அகற்றியிருந்தது.

பாதுகாப்பைச் சுருக்கும்போது காட்டின் பொருளைச் சுருக்குகிறார்கள். கணக்குக் காட்டும்போதோ அதை விரிக்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் 10 விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகை இருந்தால், எந்த மரமாயினும் யாருடைய நிலமாயினும், இந்திய வன அளவாய்வு நிறுவனத்தின் கணக்கில் அது வனப்பரப்பு. ரப்பரும் யூக்கலிப்டசும் அதில் அடங்கும். ஆகவே இயற்கைக் காடு வெட்டப்பட்டு அதே அளவு தோட்டம் முளைத்தால் அறிக்கையில் காடு குறைவதில்லை. கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகத்திற்கும் நகரத்திற்கும் ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கடல் கடந்த அரியானாவில் மரம் நடுவோம் என்கிறார்கள். நிக்கோபாரின் ஓடைக்கு அரியானாவின் மரம் எப்படி நிழல் தரும்? செயற்கைக்கோள் படத்தை ஏமாற்றலாம், நாடாளுமன்றத்தை ஏமாற்றலாம். மீனை ஏமாற்ற முடியாது. ரப்பர் வரிசைகளின் நடுவே ஓடும் மண்நிற நீரைக் காடு என்று அது ஒருபோதும் ஒப்புக்கொள்ளாது.

வேலி போடும் பாதுகாப்பு

இன்னொரு பக்கத்திலும் நமக்கு எதிரி உண்டு. காட்டைக் காக்க வேண்டுமென்றால் முதலில் ஏழையை வெளியேற்று என்பவர்கள் அவர்கள். அகத்தியமலையின் தமிழகச் சரிவில் உள்ள மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஏறத்தாழ 8,374 ஏக்கர் காட்டை ஒரு தனியார் நிறுவனத்திற்குக் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர்கள் அங்கே உழைத்தனர். அவர்களது கோரிக்கைகளுக்காக 1999 ஜூலை 23இல் நெல்லையில் நடந்த பேரணியைக் காவல்துறை தாக்கியபோது தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. இப்போது குத்தகை முடியும் காலம் நெருங்கவே, 2024இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் அவர்கள் மலையிறக்கப்பட்டனர். வெளியேற்றத்தை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு டிசம்பரில் தள்ளுபடி செய்தது.

மாஞ்சோலையில் மீண்டும் காடு வளர வேண்டும், மணிமுத்தாற்றின் ஓடைகள் மீள வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாம் எழுப்பும் கேள்வி வேறு. காட்டை அழித்து ஒரு நூற்றாண்டு லாபம் ஈட்டிய நிறுவனம் எவ்வளவு கொடுத்தது? ஒவ்வோர் ஓடையையும் ஒவ்வொரு சரிவையும் பெயர் சொல்லி அறிந்த அந்தத் தொழிலாளியை அரசு ஊதியத்தில் காடு மீட்கும் பணிக்கு அமர்த்தினால் என்ன குறைந்துவிடும்? சீரமைப்பின் செலவு முழுவதையும் தொழிலாளியின் தலையில் கட்டிவிட்டு அதற்குப் பசுமை என்று பெயரிடுவது வர்க்கக் கொள்கையே அன்றிச் சூழல் கொள்கை அன்று.

இதற்கு மாற்று நம் கையிலேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இடதுசாரிகளின் வலுவான தலையீட்டுடன் வந்தது. அதன் மூன்றாம் பிரிவு காடுவாழ் மக்களுக்கு வழங்கும் சமூக உரிமைகளில் நீர்நிலைகளின் மீனும் பிற விளைபொருள்களும் வெளிப்படையாகவே குறிக்கப்பட்டுள்ளன. ஐந்தாம் பிரிவு நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீர் ஆதாரங்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளிக்கிறது. ஓடை மீனுக்காகப் போராடுவதா என்று கேட்ட தோழருக்கு நான் சொல்லும் முதல் விடை இதுதான்: நாம் போராடிப் பெற்ற சட்டத்திலேயே மீன் இருக்கிறது, தோழரே.

நமது கணக்கையும் பார்ப்போம்

எதிரியை மட்டும் விமர்சிப்பது எளிது. ஒன்றுபட்ட கட்சியின் முதல் கேரள அரசு, வேலைவாய்ப்பைக் கருதி, பிர்லாவின் குவாலியர் ரேயான்ஸ் நிறுவனத்தைச் சாலியாற்றங்கரையின் மாவூருக்கு அழைத்தது. அதற்கான மூங்கில் அற்ப விலைக்கு அளிக்கப்பட்டது. மூங்கில் தீர்ந்த பின்னர், இயற்கைக் காட்டின் இடத்தில் யூக்கலிப்டஸ் நடப்பட்டது. மேலே காடும் கீழே ஆறும் ஒருங்கே சிதைந்தன. மீன்கள் செத்து மிதந்தன. கரையோர மக்கள் நோயுற்றனர். 2001இல் ஆலை மூடப்பட்டபோது வேலையும் போயிற்று. வேலையா, ஆறா என்று கேட்டு வேலையைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்தோம். முதலாளி இரண்டையுமே நம்மிடம் விட்டுவைக்கவில்லை.

அமைதிப் பள்ளத்தாக்குப் போராட்டத்தில் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் அறிவியலைக் கையில் ஏந்திக் குந்திப்புழையைக் காக்க நின்றபோது, மின்சாரமே வளர்ச்சி என்று நம்பிய நம் தோழர்கள் பலர் எதிர்நிலையில் இருந்தனர். 1984இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அன்று யார் சரி என்று இன்று எவரும் கேட்பதில்லை. 2011இல் மாதவ் காட்கில் தலைமையிலான குழு அறிக்கை அளித்தபோதும் மலைப்பகுதியின் குடியேற்ற விவசாயியின் அச்சத்தை மட்டுமே நாம் கேட்டோம். அந்த அச்சம் உண்மையானது. அதன் மறைவில் கல்குவாரி முதலாளி ஒளிந்துகொண்டதும் உண்மையே. முடிவைக் கிராம சபைகளிடம் விடவேண்டும் என்று அந்த அறிக்கை கூறியதை நம் கூட்டங்களில் எத்தனை பேர் எடுத்துரைத்தோம்? விழிஞ்ஞம் துறைமுகத்தின் சுமார் 3 கிலோமீட்டர் அலைதடுப்புச் சுவருக்கான பாறை எந்த மலைகளிலிருந்து உடைக்கப்பட்டது, அம்மலைகளின் ஓடைகள் இன்று எந்நிலையில் உள்ளன என்று கேட்பதும் துறைமுகத்தை எதிர்ப்பதும் ஒன்றல்ல. கேட்கத் தயங்கினால் அந்தக் கேள்வியை வலதுசாரிகள் தம் வசதிக்கேற்பப் பயன்படுத்திக்கொள்வார்கள்.

நம் மரபில் பெருமைக்குரியதும் உண்டு. 1971இல் அச்சுத மேனன் அரசு கொண்டுவந்த சட்டம் தனியார் காடுகளை இழப்பீடின்றி அரசுடைமையாக்கியது. 1973இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நிலக்கிழாரின் காட்டைப் பொதுச் சொத்தாக்கிய அந்தத் துணிவு இன்று தேவைப்படுகிறது.

என் செய்வது?

“மின்சாரம் வேண்டாமா, சாலை வேண்டாமா, வேலை வேண்டாமா?” என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் கார்ப்பரேட்டுக்காக வெட்டப்பட்ட காட்டில் தொழிலாளிக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்ற கணக்கைப் போணக்காடும் மாவூரும் மாஞ்சோலையும் ஏற்கனவே போட்டுக் காட்டிவிட்டன. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி என்பது அந்தச் சக்திகளின் ஊற்றையே வற்றவைப்பதன்று. மண்ணும் உழைப்பாளியும் செல்வத்தின் இரு மூலங்கள் என்றும், முதலாளித்துவ உற்பத்தி இரண்டையும் ஒருசேர உறிஞ்சுகிறது என்றும் ‘மூலதனம்’ நமக்குக் கற்பித்திருக்கிறது.

ஆகவே பின்வரும் கோரிக்கைகளை நம் கிளைகளும் வெகுமக்கள் அமைப்புகளும் கையிலெடுக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும் 2022ஆம் ஆண்டின் விதிகளும் திரும்பப் பெறப்பட வேண்டும். கைவிடப்பட்ட தோட்டங்களை அரசு ஏற்று, தொழிலாளரின் ஊதிய பாக்கி முழுவதையும் உரிமையாளரிடமிருந்து வசூலிக்க வேண்டும். அங்கு ஓடைக்கரைகளில் உள்நாட்டு மரங்களை வளர்த்துக் காடு மீட்கும் பணியை அதே தொழிலாளருக்கு நிரந்தர வேலையாக வழங்க வேண்டும். சரிவுகளிலும் ஓடையோரங்களிலும் உள்ள லயங்களுக்கு மாற்றாகப் பாதுகாப்பான இடத்தில் வீடும் பட்டாவும் தரவேண்டும். காணிக்காரர் உள்ளிட்ட காடுவாழ் மக்களின் சமூக வன உரிமைகள், மீன் உரிமை உட்பட, முழுமையாக அங்கீகரிக்கப்பட வேண்டும். மலை ஆறுகளின் தலைப்பகுதிகளில் புதிய குவாரிக்கு அனுமதி கூடாது. எந்தத் திட்டத்தின் சூழல் தாக்க மதிப்பீட்டிலும் அந்த ஓடையின் மீன்களைக் கோடையிலும் மழையிலும் கணக்கெடுத்து, அறிக்கையை உள்ளூர் மொழியில் கிராம சபையின் முன் வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதில் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பணி உண்டு. ஊதியமின்றிச் செய்ய நான் அணியமாக இருக்கிறேன்.

காட்டுச் சுள்ளி பொறுக்கிய ஏழைகளைத் திருடர் என்ற ரைன் மாநிலச் சட்டத்தை எதிர்த்து 1842இல் எழுதியபோதுதான் பொருளாதாரக் கேள்விகளுக்குள் இறங்க வேண்டிய தேவை தமக்கு முதன்முதலில் நேர்ந்தது என்று மார்க்ஸ் பின்னர்க் குறிப்பிட்டார். உதிர்ந்த சுள்ளியிலிருந்து ‘மூலதனம்’ வரை அவர் நடந்தார். சுள்ளி அற்பமானது என்று அவர் அதைத் தாண்டிப் போகவில்லை.

அந்த மூத்த தோழரை அடுத்த வகுப்பில் மீண்டும் சந்திப்பேன். விரல் நீளமற்ற மீனுக்காகவா போராட்டம் என்று அவர் மறுபடியும் கேட்டால், “ஆம் தோழர், அந்த மீன் நீந்தும் தண்ணீரைத்தான் உங்கள் பேத்தியும் குடிக்கிறாள், அது வாழும் ஓடையின் கரையில்தான் நம் சங்கத்து உறுப்பினரின் லயம் இருக்கிறது” என்று சொல்வேன்.